தாத்தாவின் 1943 கிறிஸ்துமஸ் கடிதத்தில் ஏன் பாசமாக ஒரு வரிகூட இல்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூரில் வீட்டைக் காலி செய்யும்போது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. தாத்தா ராணுவத்தின் இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், தேதி 1943 டிசம்பர் 27. கேட்டவர் எழுதியிருக்கும்படி கடிதம் மொத்தமும் இவ்வளவுதான்:

"சேசு மரி சூசை. பெரியவன் தாயாருக்கு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான் இவ்விடம் சுகம். அவ்விடம் எல்லோர் சுகத்துக்கும் எழுதவும். திருநாளுக்குப் பூசை கண்டேன். நம்ம கோயிலில் சொல்லுகிற அதே வார்த்தை. (இங்கே ஒரு வரி முழுக்க கருப்பு மை.) மணியார்டர் கிடைத்ததா இல்லையா எழுதவும். நூல் வந்து சேர்ந்தது. பழையதுக்கு ஒரு சாண் கூட இருக்கிறது. மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம் சொல்லவும்."

கீழே கையெழுத்து. அதுவும் கடிதம் எழுதிய கையெழுத்து இல்லையாம். மூன்று வருடம் பிரிந்து இருந்த மனிதன், கிறிஸ்துமஸ் சமயத்தில், பெண்டாட்டிக்கு இதைத்தானா எழுதுவான், தாத்தாவுக்குப் பாட்டி மேல் பாசமே இல்லையா என்பது கேள்வி. கேள்விக்குப் பதில் எழுதிய ஒருவர் "அந்தக் கால ஆம்பளைங்க அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா சாப்பர், வளர்ந்தது அல்சூருக்குப் பக்கத்தில் மர்ஃபி டவுனில். நான் தபால் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து, டெபுடேஷனில் ராணுவத் தபாலுக்குப் போய்ப் பல வருடம் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸில் குத்து குத்து என்று முத்திரை குத்தியவன். பழைய ராணுவக் கடிதங்களைச் சேர்ப்பது பொழுதுபோக்கு. அதனால் இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய பார்த்திருக்கிறேன், ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருக்கும்.

முதலில், இந்தக் கடிதம் பாட்டி கைக்கு வரும் முன் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடிதம் எழுதியது ஒரு கை, கீழே கையெழுத்துப் போட்டது வேறு கை என்றால் தாத்தா சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியிருக்கிறார். கம்பெனி கிளார்க்காக இருக்கலாம், கூடாரத்தில் பக்கத்துக் கட்டில்காரராக இருக்கலாம். அவர் ஒருவர். அடுத்து கம்பெனி அதிகாரி. யுத்தகாலத்தில் தன் ஆட்கள் எழுதும் கடிதங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அதிகாரியின் வேலை. உறையின் மூலையில் சின்னதாக ஒரு இனிஷியலும் சென்சார் முத்திரையும் இருக்கும், பாருங்கள். அவருக்குத் தமிழ் வராவிட்டால் பேஸில், அதாவது பின்னால் இருக்கும் தளத்தில், தமிழ் படிக்கத் தெரிந்த சென்சார்காரர்கள் இருந்தார்கள். அப்புறம் இந்தப் பக்கம் வந்தால், உங்கள் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தபால்காரரோ, கோயில் பிள்ளையோ, பக்கத்து வீட்டில் நாலாவது படிக்கிற பையனோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருப்பார். சுற்றி மாமனார், மாமியார், நாத்தனார், தெருவில் போகிறவர் எல்லோரும்.

இத்தனை பேர் நடுவில் எந்தத் தமிழ் மனிதன் "உன் ஞாபகமாகவே இருக்கிறேன்" என்று எழுதச் சொல்வான்? முதலில் அந்த எழுதுகிற தம்பியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமே! "பெரியவன் தாயாருக்கு" என்று தொடங்கியிருப்பதைக்கூட நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையில் அது கொஞ்சம் துணிச்சல். அந்தக் காலத்தில் மனைவிக்குச் சொல்ல வேண்டியதையும் அப்பாவுக்கு எழுதி, கடைசியில் "மருமகளிடமும் சொல்லவும்" என்று முடிப்பவர்கள்தான் அதிகம். இவர் நேராக மனைவிக்கே எழுதியிருக்கிறார். மாமாவும் அத்தையும் கடைசி வரியில்தான் வருகிறார்கள்.

படைவீரர்களின் கடிதத்தைச் சென்சார் படிப்பது முதல் உலகப் போரிலேயே இருந்தது. 1914-ல் இந்தியப் படைகள் பிரான்சுக்குப் போனபோது அவர்களுடைய கடிதங்களைப் படிக்கவே தனி ஆபீஸ் போட்டார்கள், போலோன் துறைமுகத்தில் ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ். படித்ததில் முக்கியமானதை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஒரிஜினல் கடிதங்கள் எங்கெங்கோ கரையான் அரித்துப் போக, சென்சார்காரர் எடுத்த நகல் மட்டும் தங்கிவிட்டது. இரண்டாம் போரிலும் அதே கதைதான். மத்தியக் கிழக்கில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை வைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆட்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிக்கை போனது. சிப்பாய்களுக்கும் இது தெரியும். தெரிந்தவன் எப்படி எழுதுவான்?

(அதே 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரி பேரில் படையினருக்கு ஒரு பித்தளைப் பெட்டி கொடுத்தார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பைப்பும் புகையிலையும். இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு வந்தது கற்கண்டும் ஒரு தகர டப்பா நிறைய மசாலாவும். யாரோ கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.)

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். உறையின் பின்பக்கம் "11 பீல்டு பார்க் கம்பெனி" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் பெயர் எங்கேயும் இல்லை, இருக்கவும் இருக்காது. யூனிட் பெயரும் ஒரு பேஸ் போஸ்ட் ஆபீஸ் எண்ணும்தான் விலாசம், மீதியைத் தபால்காரர்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கம்பெனி பெயர் போதும். 11-வது பீல்டு பார்க் கம்பெனி மெட்ராஸ் சாப்பர்ஸ், நாலாவது இந்திய டிவிஷனோடு இருந்தது. அந்த டிவிஷன் 1941-ல் எரித்ரியாவில் கெரென் சண்டை, அப்புறம் லிபியா, எகிப்து பாலைவனம், 1943 மே மாதம் துனிசியாவில் முடித்து, அதே வருடம் டிசம்பரில் இத்தாலிக்கு வந்தது. ஆக, உங்கள் தாத்தா இந்தக் கடிதத்தை எழுதச் சொன்ன இடம் இத்தாலி. வந்து இறங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது.

இப்போது பூசை வரியைத் திரும்பப் படியுங்கள். "நம்ம கோயிலில் சொல்லுகிற அதே வார்த்தை."

அந்தக் காலத்தில் கத்தோலிக்கப் பூசை ஏறக்குறைய உலகம் முழுக்க லத்தீனில்தான். தமிழில் பூசை வந்தது 1960-களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. சிவாஜிநகர் மரியன்னை கோயிலில் சின்ன வயதிலிருந்து அர்த்தம் தெரியாமல் காதில் விழுந்துகொண்டிருந்த அதே சத்தம், மொழி தெரியாத, குளிரில் விறைக்கிற ஒரு ஊரில், முகம் தெரியாத சாமியார் வாயிலிருந்து வந்திருக்கிறது. சாப்பாடு வேறு, மண் வேறு, அந்த ஒன்று மட்டும் ஊரில் கேட்டது போலவே. அதைப் பாட்டிக்குத்தான் சொல்லத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் ஊகம்தான். நம்ம பூசை நடக்கிற தேசத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார் அல்லவா? மூன்று வருடம் பாலைவனத்திலிருந்து கடிதம் போட்டவர் திடீரென்று கோயிலைப் பற்றி எழுதினால், அல்சூர்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இத்தாலி என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. அதுவும் பெங்களூருவில்! அந்த வருடங்களில் ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இங்கே ஜாலஹள்ளிப் பக்கம் முகாம்களில் வைத்திருந்தார்கள். அவர்களும் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கார்டு எழுதிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பார்கள். இவர் அங்கே, அவர்கள் இங்கே, இரண்டு பக்கமும் சென்சார்.

கருப்பு மை வரியைப் பற்றி நீங்கள் மிகவும் கற்பனை செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். காதல் வசனத்தை எந்த அதிகாரியும் அடிக்க மாட்டார், அவருக்கு அதில் என்ன வந்தது? அடிப்பது ஊர், கப்பல், ஆறு, பாலம், பனி, பக்கத்து யூனிட் பெயர், செத்தவர் பெயர். "இங்கே பனி கொட்டுகிறது, ஆற்றில் பாலம் போடுகிறோம்" என்ற மாதிரி ஏதாவது இருந்திருக்கும். சாப்பர் வேலையே பாலமும் ரோடும் கண்ணிவெடியும்தானே.

இனி, நீங்கள் "ஏதோ தையல் நூல் போல" என்று ஒரு வார்த்தையில் கடந்துபோன இடம். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

"நூல் வந்து சேர்ந்தது. பழையதுக்கு ஒரு சாண் கூட இருக்கிறது."

1971-ல் எனக்கு ஆறு வயது. அப்பா 9 இன்ஜினியர் ரெஜிமெண்டில், பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம். அம்மா மாதக் கடைசியில் என்னையும் தங்கச்சியையும் கதவு நிலையில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, குதிகாலில் ஒரு முடிச்சு, உச்சந்தலையில் ஒரு முடிச்சு என்று வெள்ளை நூலில் அளந்து, அறுத்து, விரலில் சுற்றி, கடிதத்துக்குள் வைத்து ஒட்டுவாள். எனக்கு ஒற்றை முடிச்சு, தங்கச்சிக்கு இரட்டை முடிச்சு. "நிமிர்ந்து நில்லுடா, அப்பாவுக்குப் போவுது" என்பாள். குதிகாலைத் தூக்கி நின்றால் தொடையில் ஒரு கிள்ளு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, எங்கள் குடியிருப்பு லைனில் பெரிய யுத்தத்தின்போது இருந்த கிழவிகள் சொன்னார்கள் என்றாள். பெரிய யுத்தம் என்றால் அவளுக்கு 1939-45.

உங்கள் பெரியப்பா பிறந்தது 1938 என்கிறீர்கள். தாத்தா கப்பல் ஏறும்போது பிள்ளைக்கு இரண்டு வயது. 1943 கடைசியில் ஐந்து. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை ஏறக்குறைய ஒரு சாண்தான் வளரும். நீங்களே உங்கள் வீட்டுப் பிள்ளையை அளந்து பாருங்கள்.

அப்படியென்றால் "பழையது" எது? புறப்படும்போது எடுத்துப்போன அளவு. அந்த நூலை அவர் கெரென் மலையிலும் பாலைவனத்திலும் துனிசியாவிலும் பையிலேயே வைத்திருந்தால்தான், இத்தாலியில் உட்கார்ந்து புதிய நூலை அதன் பக்கத்தில் நீட்டி, மிச்சத்தைக் கைவிரித்து ஒரு சாண் என்று சொல்ல முடியும். மூன்று வருடமாக ஒரு நூலைத் தொலைக்காமல் வைத்திருந்த ஆளைப் பார்த்தா பாசம் இல்லை என்கிறீர்கள்?

பாட்டி பக்கமும் கொஞ்சம் பாருங்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் பேரில் போன ஒவ்வொரு கடிதமும் வேறு யாரோ எழுதியது, அவள் சொன்னதில் பாதியை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருப்பார்கள். அந்த உறைக்குள் அவள் கையால் செய்த ஒரே விஷயம் அந்த நூல். சென்சாருக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. மாமனார் உரக்கப் படிக்கச் சொல்லவும் முடியாது. தாத்தாவின் பதிலும் அப்படித்தான், திண்ணையில் படித்துக் கேட்டவர்களுக்கு அது சட்டைத்துணி விவகாரம் போலக் காதில் விழுந்திருக்கும். உங்களுக்கும் அப்படித்தானே விழுந்தது.

படிக்கத் தெரிந்த மனைவி என்றால் கடிதமே மாறிவிடும், அதையும் பார்த்திருக்கிறேன். என் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. அப்பா கடிதம் வந்தால் லைனில் இருக்கிற மற்ற பெண்களும் வந்து உட்காருவார்கள், நம் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இருக்காதா என்று. அம்மா உரக்கப் படித்துக்கொண்டே போவாள், நடுவில் ஓரிடத்தில் நின்று, தொண்டையைச் செருமி, அடுத்த பத்திக்குத் தாவிவிடுவாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் முடிந்தது. பசந்தர் ஆற்றங்கரையில் டேங்குகள் போக வழிசெய்ய 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட் கண்ணிவெடி வயல்களில் பாதை திறந்தது. ஆட்களை இழந்தது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கழித்து வந்த கடிதத்தில் இருந்தது, "சண்டை முடிந்தது, எங்கள் வேலை முடியவில்லை, புதைத்ததை எடுக்க வேண்டுமே" என்று ஒரு வரி, அப்புறம் "அச்சுமுறுக்கு அனுப்பாதே, போன தடவை மாவாகத்தான் வந்தது" என்று ஒரு வரி. அந்த டிசம்பரில் அம்மா கே.ஜி.எஃப்.பில் இருந்த சித்திக்குப் போட்ட வாழ்த்துக் கார்டின் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. சாதாரண ஸ்டாம்புக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு 5 பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் தபாலில் வசூலித்தது.

முறுக்கு மாவாகும் ரகசியம் எனக்குப் பிறகு விளங்கியது. 2001 டிசம்பர் 13-ல் பார்லிமெண்ட் தாக்குதல், உடனே படைகளை எல்லைக்கு நகர்த்தினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ராஜஸ்தான் பக்கம் ஒரு ஃபீல்டு போஸ்ட் ஆபீஸில், கூடாரத்துக்குள் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசத்துக்கு வந்த பிளம் கேக் பார்சல்கள் மூட்டைக்கு அடியில், மேலே நாற்பது கிலோ காகிதம். ஒரு நாகர்கோவில்காரப் பையன் பார்சலை வாங்கி அங்கேயே பிரித்தான். கேக் இல்லை, ரவை. முகம் வாடிவிடும் என்று பார்த்தால், டீ மக்கில் கொட்டி, ஸ்பூன் போட்டு, எனக்கும் ஒரு மக் நீட்டினான்.

வேறு ஒரு விஷயம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் எழுதி இரண்டு மாதத்துக்குள், 1944 பிப்ரவரி 24-ல், மிஞ்ஞானோ என்ற இடத்தருகே கண்ணிவெடி அகற்றும்போது சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கப்போகிற கண்ணிமேல் பாய்ந்து படுத்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்துபோனார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். அவரும் இதே 11 பீல்டு பார்க் கம்பெனி. ஒரு கம்பெனி என்றால் சில நூறு பேர்தான், உங்கள் தாத்தாவுக்கு அவரைத் தெரியாமல் இருந்திருக்காது. "நான் இவ்விடம் சுகம்" என்ற வரியை ஒப்புக்குப் போட்ட வரி என்று நினைத்திருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த வேலையில் இருக்கிறவன் வீட்டில் முதலில் தேடுகிற வரி அதுதான், மீதி எல்லாம் அப்புறம்.

கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நம்ம ஊரில் பாசம் வந்தால் முதலில் லேமினேட் செய்துவிடுகிறோம், அப்புறம் அந்தக் காகிதத்தை மீட்கவே முடியாது. மடிப்பு பிரிந்திருந்தால் செலோ டேப்பும் வேண்டாம். மை அழித்த வரியைத் தண்ணீர், ஸ்பிரிட் எதையும் தொட்டுத் துடைக்காதீர்கள். பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் பேனா அழுத்திய தடம் சில சமயம் தெரியும், செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உறையையும் கடிதத்தையும் பிரிக்காமல் வையுங்கள், முத்திரையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தாத்தாவின் சர்வீஸ் நம்பர் உறையில் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு அல்சூர் ஏரிப் பக்கம் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமை இடம்) ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிப் போடுங்கள், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அந்த டிரங்குப் பெட்டியை இன்னும் முழுசாக ஒழிக்கவில்லை என்று சொல்லியிருந்தீர்களே. தாத்தா 1946-ல் திரும்பி வந்துவிட்டார் என்றால் பையில் இருந்ததும் வந்திருக்கும். அடியில் விரித்திருக்கிற பழைய பேப்பருக்குக் கீழே, ஜெபமாலை டப்பாவுக்குள், குங்குமச் சிமிழ் அளவு டப்பா எதிலாவது அழுக்கேறிய நூல் சுருண்டு கிடந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். இரண்டு முனையிலும் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.